மறைந்த கலைஞர்களுக்கு நினைவேந்தல்: சேலத்து ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் போஸ்டர் டிசைன் செய்கிறவன். காதுகுத்து, கல்யாணம், கும்பாபிஷேகம் எல்லாம் நாள் பார்த்து வரும். கண்ணீர் அஞ்சலி மட்டும் நேரம் காலம் பார்க்காமல் வரும். 2023 டிசம்பர் 28 காலை விஜயகாந்த் மறைந்த செய்தி வந்ததிலிருந்து மறுநாள் இரவு வரை கடையை மூட முடியவில்லை. போஸ்டர் வாங்க வந்து, வாங்கிய பிறகும் போக மனமில்லாமல் கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்த ஏழெட்டுப் பேரோடு அன்றைக்குப் பழக்கமானேன். அவர்களோடு சேர்ந்துதான் இப்போது நினைவுக் கூட்டங்கள் நடத்துகிறோம். எங்களுக்கு மன்றம் என்று பெயர் கிடையாது, தலைவர் கிடையாது. நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடி இருக்கிறது, அதுதான் இடம்.

நாங்களும் எங்கள் தெருவில் இப்படி ஒன்று செய்யலாமா, எப்படிச் செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

செய்தி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. உடனே போஸ்டர் அடிக்கலாமா?

பொறுங்கள். குடும்பத்தாரோ மருத்துவமனையோ நடிகர் சங்கமோ சொல்லும்வரை பொறுங்கள். விஜயகாந்த் 2023 நவம்பரில் மருத்துவமனையில் இருந்தபோதே அவர் போய்விட்டார் என்று வதந்தி கிளம்பியது. அஞ்சலி போஸ்டர் கேட்டு எனக்கே இரண்டு பேர் போன் செய்தார்கள். அவர் நலமாக இருக்கிறார், வதந்தியை நம்பாதீர்கள் என்று பிரேமலதா அவர்கள் சொல்ல வேண்டி வந்தது. டிசம்பர் 14 அன்று தேமுதிக பொதுக்குழுவுக்குச் சக்கர நாற்காலியில் வந்தும் இருந்தார். உயிரோடு இருப்பவரின் படத்துக்குக் கீழே 'மறைவு' என்று அச்சடித்த தாள் அந்த வீட்டார் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? அரை நாள் தாமதமானால் அஞ்சலி ஒன்றும் குறைந்துவிடாது.

போஸ்டரில் என்ன எழுதுவது?

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பெயர். எந்தப் பெயரில் மக்கள் அவரை அழைத்தார்களோ அது பெரிதாக இருக்கட்டும். அப்புறம் தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி. இந்த இரண்டிலும்தான் அதிகம் தவறு நடக்கிறது. சரோஜாதேவி அம்மா என்றால் தோற்றம் 7-1-1938, மறைவு 14-7-2025. அவசரத்தில் ஒரு எண் மாறினாலும், நாலு தெருவில் ஒட்டிய பிறகு திருத்த வழியில்லை. நான் புரூஃப் எடுத்ததும் தேதியை வாய்விட்டு ஒரு முறை படிப்பேன். கேட்டவரையும் படிக்கச் சொல்வேன்.

அடுத்தது படம். 2025 மே 29 அன்று நடிகர் ராஜேஷ் மறைந்தபோது அஞ்சலி போஸ்டர் கேட்டு ஒரு தம்பி வந்தார். செல்போனில் படத்தைக் காட்டினார். அது வேறு ஒரு ராஜேஷ். இணையத்தில் பெயரைத் தட்டியதும் முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் பார்த்திருக்காவிட்டால் அப்படியே அச்சாகியிருக்கும். அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவர் பிறக்கும் முன்னாலேயே ராஜேஷ் நாயகனாக நடித்து முடித்துவிட்டார். அப்பாவுக்குப் பிடித்த நடிகர் என்பதால் செய்ய வந்த பிள்ளை அது. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, ராஜேஷ் நடிக்க வரும் முன் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று சொன்னேன். "அப்ப ஆசிரியர்னும் போடுங்கண்ணா" என்றார். போட்டோம்.

படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி, அவர் செய்த வேலையைப் பற்றி இருக்கட்டும். டெல்லி கணேஷ் 2024 நவம்பர் 9 இரவு காலமானபோது, '10 ஆண்டு விமானப்படை, 400 படங்களுக்கு மேல் நடிப்பு' என்று மட்டும் போட்டோம். 'விண்ணுலகம் சென்ற வேந்தரே' என்பது போன்ற வரி யாருக்கும் பொருந்தும். விமானப்படை என்ற வார்த்தையைப் படித்துவிட்டு நின்றவர்கள் நிறைய. அது அவருக்கு மட்டும்தான் பொருந்தும்.

அஞ்சலி செலுத்துகிறவர்களின் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லாதீர்கள். கீழே சின்ன எழுத்தில் தெருப்பெயர் போதும்.

ஐந்து ரோட்டில் பெரிய பிளெக்ஸ் வைக்கலாமா?

மாநகராட்சி அனுமதியும் காவல்துறை ஒப்புதலும் இல்லாமல் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் உயிரிழந்தார். பிளெக்ஸ் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் அந்தச் செய்தியை நான் மறந்ததே இல்லை. ஐந்து ரோடு, நான்கு ரோடு, அஸ்தம்பட்டி ரவுண்டானா எல்லாம் நாள் முழுக்க வண்டி ஓடும் இடங்கள். கூட்டம் நடக்கும் வீட்டு வாசலில் ஒரு படத்தை வைத்து மாலை போடுங்கள், அது போதும்.

மாலைக்குப் பூ வ.உ.சி. மார்க்கெட்டில் காலையிலேயே வாங்கிவிடுங்கள். பனமரத்துப்பட்டி அரளி வந்து இறங்கும் நேரம் அதுதான்.

கூட்டத்தில் என்னதான் செய்வீர்கள்?

முதலில் இரண்டு நிமிடம் மௌனம். பிறகு அவர் நடித்த ஒரு காட்சி அல்லது பாடிய ஒரு பாட்டு. அதன்பின் வந்தவர்கள் ஒவ்வொருவராக, அந்தக் காட்சியில் என்ன கவனித்தார்கள் என்று சொல்ல வேண்டும். 'சிறந்த மனிதர், பண்பாளர்' என்று மேடைப் பேச்சு பேச விடுவதில்லை. நாம் யாரும் அவரோடு பழகியதில்லை. நமக்குத் தெரிந்தது அவர் செய்த வேலை. அதைத் திரும்பப் பார்ப்பதுதான் ரசிகன் செய்யக்கூடிய மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

மனோபாலா 2023 மே 3 அன்று மறைந்தவர். அவருக்கு அடுத்த ஆண்டு நாங்கள் கூடியபோது ஒரு சிரிப்புக் காட்சியை மூன்று முறை ஓட்டினோம். முதல் முறை எல்லாரும் சிரித்தோம். இரண்டாவது முறை, அவர் பேசாமல் நிற்கும் இடத்தில் கழுத்தை மட்டும் திருப்புவதைக் கவனித்தோம். மூன்றாவது முறை, 'இவர் டைரக்டர்ப்பா, எதிரில் நடிப்பவருக்கு எப்போது வழிவிட வேண்டும் என்று தெரிந்தவர்' என்றார் எங்களில் ஒருவர், பள்ளப்பட்டியில் மெக்கானிக். பத்திரிகையில் வரும் எந்த அஞ்சலிக் கட்டுரைக்கும் குறைந்ததல்ல அந்தப் பேச்சு.

ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். மைக் வைத்தால் இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும், அது சட்டம். மொட்டை மாடிக்கு மைக்கே தேவையில்லை.

முழுப் படமும் திரையிடலாமா?

வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து பார்ப்பது வேறு. தெருவில் திரை கட்டிப் பொதுவில் போடுவதென்றால் உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். படத்துக்கான உரிமை, அது வெளியாகி 60 ஆண்டு வரை. பாட்டும் வசனமும் எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை. அதனால் பழைய படம்தானே என்றும் விட்டுவிட முடியாது.

தியேட்டரில் மறுவெளியீடு வந்தால் சேர்ந்து போங்கள். விஜயகாந்தின் 100வது படமான கேப்டன் பிரபாகரன் 2025 ஆகஸ்டில், அவர் பிறந்தநாளை ஒட்டி மீண்டும் வெளியானது. நாங்கள் 14 பேர் போனோம். 1991இல் அதைப் பார்த்தபோது பள்ளிக்கூடப் பையனாக இருந்தவர் தன் மகனைக் கூட்டிவந்திருந்தார்.

அதிகம் பேசப்படாத ஒருவருக்குக் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

2024 செப்டம்பர் 17 அன்று பெங்களூரில் சி.ஐ.டி. சகுந்தலா அம்மா காலமானார். 84 வயது. நாடகத்திலிருந்து வந்து, 600 படங்களுக்கு மேல் நடித்து, பிறகு தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தவர். அவருக்குப் பூர்வீகம் சேலம். பெயருக்கு முன்னால் இருக்கும் அந்த சி.ஐ.டி.யும் சேலம் கொடுத்ததுதான். 1970இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த சி.ஐ.டி. சங்கர் படத்தில் ஜெய்சங்கரோடு நடித்தார், அன்றிலிருந்து அது ஒட்டிக்கொண்டது.

மாடர்ன் தியேட்டர்ஸ் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு ஏற்காடு சாலையில் கன்னங்குறிச்சிப் பக்கம் நிற்கும் வளைவு மட்டும்தான். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் 1930களில் அந்த ஸ்டுடியோவைத் தொடங்கினார். முதல் படம் 1937இல் வந்தது. மலையாளத்தின் முதல் பேசும்படம் 1938இல் இங்கிருந்துதான் போனது. தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம் 1956இல் இங்கிருந்துதான் வந்தது. நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள். ஒரு மலையடிவாரத்து ஊர், சென்னைக்குப் போகாமலேயே சினிமா எடுத்துக்கொண்டிருந்தது.

சரி, அந்த ஸ்டுடியோ பெயர் வைத்த நடிகை இறந்த அன்று நான் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஐந்து ரோடு வழியாகக் கன்னங்குறிச்சி வரை வண்டியில் போனேன். ஒரு போஸ்டர் இல்லை. போன வழி முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே போனேன். கல்யாண போஸ்டர் இருந்தது, கடன் விளம்பரம் இருந்தது.

அன்று இரவு நானே ஒன்று டிசைன் செய்தேன். 'சேலத்து மகள்' என்று மேலே போட்டு, 40 தாள் அடித்து, எங்கள் ஆட்கள் இரண்டு பேர் மைதா பசை காய்ச்சி எடுத்துக்கொண்டு போய் ஒட்டினார்கள். மறுநாள் பத்து மணிக்கு ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சப்பை. "இந்தப் பொண்ணு நம்மூருன்னு எழுதுனது யாருப்பா?" என்று கேட்டார். நான்தான் என்றேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஸ்டுடியோவில் தச்சு வேலை பார்த்தவராம். செட்டுக்குப் பலகை அடித்தது, முடிந்ததும் பிரித்து ஆணியை நிமிர்த்தி டப்பாவில் போட்டது எல்லாம் நின்றபடியே சொன்னார். "நிமித்துன ஆணியத்தான் அடுத்த செட்டுக்கு அடிப்போம். அரண்மனையும் அதே ஆணி, ஜெயிலும் அதே ஆணி" என்றார். போகும்போது ஒரு போஸ்டர் கேட்டார். சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். ஏற்கெனவே இரண்டு ரப்பர் பேண்டு கையில் மாட்டியிருந்தார், அதோடு இதையும் மாட்டிக்கொண்டு போஸ்டரைக் கையில் பிடித்துக்கொண்டு போனார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு 11 பேர் வந்தார்கள். பெரியவரும் வந்தார். சகுந்தலா அம்மா ஆடிய ஒரு பாட்டைப் போட்டோம். 11 பேர் கூட்டம் சின்னதுதான். ஆனால் இந்த ஊரில் அன்றைக்கு அவருக்காகக் கூடியவர்கள் நாங்கள் இருந்தோம். பெரிய நடிகருக்கு ஊரே கூடும். நீங்களும் நானும் போகாவிட்டாலும் கூட்டம் குறையாது. ஒரு சகுந்தலா அம்மாவுக்கு நீங்கள் போகாவிட்டால் யாருமே இல்லாமல் போய்விடும். அதனால்தான் கேட்கிறவர்களிடம் எல்லாம், முதலில் இப்படிப்பட்ட ஒருவருக்குச் செய்யுங்கள் என்கிறேன்.

மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவில் மெழுகுவத்தி ஏற்றலாமா?

சாலை ஓரம், வண்டிகள் வேகமாக வரும். ஒரு மாலையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கூட்டமாக நிற்க வேண்டாம்.

சீரியலில் வில்லனாக வந்தவருக்கும் அஞ்சலியா?

கட்டாயம். சொல்லப்போனால் சினிமா நடிகரைவிடச் சீரியல் நடிகர்தான் நம் வீட்டுக்குள் அதிகம் இருந்தவர். சினிமா நடிகரை ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்தோம். மாரிமுத்துவை வாரத்துக்கு ஆறு நாள் பார்த்தோம்.

அவர் 2023 செப்டம்பர் 8 காலை காலமானார். சன் டிவியின் எதிர்நீச்சல் தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சுவலி வந்தது. தேனி மாவட்டம் பசுமலைத்தேரியில் பிறந்து, உதவி இயக்குநராகப் பல வருடம் இருந்து, 2008இலும் 2014இலும் ஒவ்வொரு படம் இயக்கி, அதிலெல்லாம் கிடைக்காத பேரை ஆதி குணசேகரன் என்ற ஒரு பாத்திரத்தில் வாங்கியவர். வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கும் ஆள் அந்தக் குணசேகரன். "ஏய், இந்தாம்மா" என்று அவர் சொல்வதைச் சொல்லிப் பார்க்காத வீடு உண்டா?

இங்கே சிவதாபுரம் பக்கம் வீட்டிலேயே கொலுசு வேலை செய்கிறவர்கள் நிறைய. 2024 செப்டம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை, முதலாம் ஆண்டு நினைவுக்கு அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடினோம். வந்தவர்களில் பெண்கள்தான் அதிகம். வேலையை நிறுத்தவில்லை. மடியில் தட்டு, தட்டில் வெள்ளிக் கம்பி வளையங்கள், இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே பேசினார்கள். ஒரு அக்கா ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எங்க மாமனார் அச்சு அசல் அவருதான். அவரைத் திட்ட முடியுமா? ராத்திரி ஒன்பதரைக்கு டிவியப் பாத்து இவரைத் திட்டுவேன். மாமனாரும் பக்கத்துல உக்காந்து பாப்பாரு. அவரும் சேந்து திட்டுவாரு."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா, "அந்த ஆளு செத்த அன்னிக்கு எங்க வீட்ல அடுப்புப் பத்தவைக்கல" என்றார். வில்லனுக்கு ஏன் அழுதார்கள் என்று எனக்கு அந்தத் திண்ணையில் புரிந்தது. சொல்ல முடியாததை எல்லாம் அவர்கள் இறக்கி வைக்க அந்த மனிதர் முகம் கொடுத்தார். பிறகு அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார், கதை தொடர்ந்தது. திண்ணையில் இருந்தவர்கள் அதையும் பார்த்தார்கள்தான்.

பெண்கள் வர வேண்டும் என்றால் என்ன செய்யலாம்?

நேரத்தை மாற்றுங்கள். இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடியில் வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லை என்று சொல்லக் கூடாது. பிற்பகல் மூன்றிலிருந்து நாலரை. தெரிந்தவர் வீடு. குடித்துவிட்டு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப ஓர் ஆள். இந்த மூன்றையும் செய்தோம், வருகிறார்கள்.

மோட்ச தீபம் ஏற்றலாமா? மொட்டை போடலாமா?

தீபம் ஏற்றுவது உங்கள் விருப்பம். மறைந்தவரின் மதம், குடும்ப வழக்கம் என்ன என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். மொட்டை, திதி எல்லாம் பிள்ளைகளுக்கு உரியது. அதை அவர்களுக்கே விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். சின்ன வயதுக்காரர்கள் சோகத்தில் உடம்பை வருத்திக்கொள்வதைப் பார்த்தால் பக்கத்திலேயே இருங்கள். தனியாக விடாதீர்கள்.

கேப்டன் நினைவு நாளில் அன்னதானம் செய்ய விரும்புகிறோம். எப்படி?

டிசம்பர் 28. படப்பிடிப்பில் நாயகனுக்கு என்ன சாப்பாடோ அதுதான் லைட்மேனுக்கும் என்று பந்தியை மாற்றியவர் விஜயகாந்த். சினிமாவில் இருந்தவர்கள் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். சென்னை கோயம்பேட்டில் அவரை அடக்கம் செய்த இடத்தில் இன்றும் சாப்பாடு போடுகிறார்கள். அதனால் அவர் பெயரில் சாப்பாடு போடும்போது ஒரு விஷயம் முக்கியம். பரிமாறுகிறவர்களும் அதே பந்தியில், அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு, பிரியாணிக் கடைக்குப் போகக் கூடாது.

25 கிலோ அரிசி போட்டால் கலந்த சாதம் 200 பேருக்கு வரும். நாங்கள் தக்காளி சாதமும் தயிர் வெங்காயமும் போட்டோம். பாக்குமட்டைத் தட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் பூச்சு போட்ட தட்டுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. தண்ணீருக்குக் குடத்தோடு ஓர் ஆள் நிற்கட்டும்.

முதல் வருடம் ஒரு தவறு செய்தோம். வரிசையில் நிற்க வைத்தோம். வயசான அம்மா ஒருவர் வெயிலில் அரை மணி நேரம் நின்றுவிட்டார். அடுத்த வருடம் பந்திப்பாய் விரித்து உட்கார வைத்தோம். நேரம் அதிகம் ஆனது. ஆகட்டும்.

விவேக் நினைவாக மரம் நட வேண்டும். ஏப்ரல் 17 அன்று நடலாமா?

நடலாம், பிழைக்காது. விவேக் 2021 ஏப்ரல் 17 அன்று மறைந்தார். ஒரு கோடி மரம் என்று இலக்கு வைத்து 30 லட்சத்தைத் தாண்டி நட்டவர். சேலத்து ஏப்ரல் வெயிலில் கன்று நட்டால் ஒரு வாரத்தில் குச்சியாகிவிடும். பள்ளிக்கூடம் லீவு விட்டுவிடும், தண்ணி ஊற்ற ஆள் இருக்காது. 2024இல் நாங்கள் நட்ட 20 கன்றில் மூன்றுதான் மிஞ்சியது.

இப்போது ஏப்ரல் 17 அன்று பழைய கன்றுகளுக்குத் தண்ணி ஊற்றுகிறோம், கூண்டைச் சரி செய்கிறோம். புதுக் கன்று நடுவது அவர் பிறந்தநாளான நவம்பர் 19 அன்று. ஐப்பசி மழையில் மண் ஊறியிருக்கும். வேம்பு, புங்கன் இரண்டும் நம் மண்ணுக்கு நன்றாக வரும். ஒரு கன்றுக்கு ஒரு வீடு பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொறுப்பெடுக்க வீடு இல்லாத இடத்தில் நட வேண்டாம்.

அவர் எதனால் இறந்தார் என்று கூட்டத்தில் பேசலாமா?

பேசுவதில்லை. விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பு வந்து இறந்ததால் ஊரெல்லாம் தடுப்பூசிதான் காரணம் என்று பேச்சு. ஆராய்ந்த தேசியக் குழு அதே வருடம் அக்டோபரில், தடுப்பூசி காரணம் இல்லை என்று சொன்னது. இடையில் அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை வீட்டில் ஊசி போடாமல் தள்ளிப்போட்டார்கள் என்று எனக்கு என் தெருவிலேயே தெரியும். மருத்துவர் சொல்வதை மருத்துவர் சொல்லட்டும். குடி, குடும்பச் சண்டை, கடன் என்று யாராவது ஆரம்பித்தால் அடுத்த பாட்டைப் போட்டுவிடுவோம்.

கண் தானம், ரத்த தானம் முகாம் நடத்தலாமா?

நல்லது. டேனியல் பாலாஜி 2024 மார்ச் 29 அன்று மறைந்தபோதும், சரோஜாதேவி அம்மா மறைந்தபோதும் கண்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. கூட்டத்தில் பாரம் எழுதிக் கொடுப்பது பெரிதல்ல, வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். அதுவரை இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலைக்குத் தலையணை வைத்துச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். அழுகைக்கு நடுவில் இதை நினைவுபடுத்த ஒருவர் வேண்டும். கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர்கூடக் கொடுக்கலாம்.

ரத்தம் கொடுக்க 18 வயது நிறைந்து, எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. காலையில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிவரலாமா?

வாருங்கள். 2025 செப்டம்பர் 18 அன்று ரோபோ சங்கர் மறைந்தார். உடம்பெல்லாம் வெள்ளிப் பூச்சு பூசிக்கொண்டு ஊர் ஊராக மேடையில் ரோபோ போல ஆடித்தான் அந்தப் பெயரே வந்தது என்று சொன்னதும், மாடியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து கையை மடக்கி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அதைவிட நல்ல அஞ்சலியை அன்றைக்கு நாங்கள் யாரும் செலுத்தவில்லை.

ஏற்காட்டில் இருக்கிறோம். சேலத்துக்கு இறங்கி வர முடியவில்லை. அங்கே நடத்துவீர்களா?

ஒரு முறை நடத்தினோம். 2024 செப்டம்பர் கடைசி ஞாயிறு, எஸ்.பி. பாலசுப்ரமணியம் நினைவாக. அவர் 2020 செப்டம்பர் 25 அன்று மறைந்தபோது கொரோனாக் காலம், நாலு பேர்கூடக் கூட முடியவில்லை. அந்தக் குறை எங்கள் எல்லாருக்கும் இருந்தது. காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் கேட்டதால், ஸ்பீக்கரைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கட்டிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறினோம். போய்ச் சேர்ந்ததும் மழை. கரண்ட் போய்விட்டது.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீட்டுத் தாழ்வாரத்தில் 30 பேர் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு மேஸ்திரி, அறுபது வயது இருக்கும், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். பல்லவி முடிந்து சரணத்துக்குப் போகும்போது மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டு, "இந்த எடத்துல அவரு மூச்சே விட மாட்டாரு தம்பி" என்றார். திரும்ப முதலிலிருந்து பாடினார். அதே இடத்தில் திரும்பவும் நின்றார். மூன்றாவது முறை எல்லாரும் அவரோடு சேர்ந்து அந்த இடத்தைத் தாண்டினோம். ஆறு தேசிய விருது, ஆயிரக்கணக்கான பாட்டு என்று நான் தாளில் எழுதி வைத்திருந்ததை எடுக்கவே இல்லை.

அடுத்து எப்போது என்று கேட்டால், தோட்டத்துக்காரர்களுக்கு லீவு நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், வருகிறோம்.

கட்சிக்காரர்கள் வந்தால்?

ரசிகராக வரட்டும். துண்டு, கொடி இரண்டும் வண்டியிலேயே இருக்கட்டும்.

பணம் எப்படித் திரட்டுகிறீர்கள்?

திரட்டுவதில்லை. ஒருவர் டீ, ஒருவர் பூ, நான் போஸ்டர். முன்பு ஒரு நடிகரின் பெயரைச் சொல்லி எங்கள் பகுதியில் ஒருவர் வசூல் செய்துவிட்டுக் கணக்கே காட்டவில்லை. கொடுத்தவர்களில் பூக்கட்டும் பாட்டியும் உண்டு. அதிலிருந்து கையில் காசு வாங்குவதே இல்லை என்று வைத்துக்கொண்டோம்.

எனக்குப் பேச வராது. சும்மா வந்து உட்காரலாமா?

தாராளமாக. ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். மறைந்தவர் பெயர், தேதி, அன்றைக்குப் பார்த்த காட்சி ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதுவோம். எதிர்ப் பக்கம் வந்தவர்களுக்கு. பேச வராதவர்கள் அதில் எழுதலாம், எழுத வராதவர்கள் சொன்னால் நான் எழுதுவேன். நடிகர் மயில்சாமிக்கான பக்கத்தில் ஒரு சின்னப் பையன் கோயில் கோபுரம் வரைந்திருக்கிறான், அவர் சிவராத்திரி இரவு முழுக்கக் கோயிலில் இருந்து விட்டுப் போனவர் என்று அவன் பாட்டி சொன்னதைக் கேட்டு. சகுந்தலா அம்மா பக்கத்தில் அந்தத் தச்சுப் பெரியவர் தன் கையெழுத்தைப் போட்டு, கீழே 'செட் வேலை' என்று எழுதியிருக்கிறார்.

டீயும் தட்டுவடை செட்டும் இருக்கும். மாடிப்படி குறுகல், செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறுங்கள்.